பெயரை மடித்துப் படித்த கடிதங்கள்

சென்ற மாதம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மண்டபத்தில் மேற்கல்வி வழிகாட்டி நாள் நடந்தது. பேச்சாளர் வரிசையில் என்னையும் உட்கார வைத்திருந்தார்கள். நான் டாக்டர் இல்லை. பிள்ளைகளுக்கும் பதின்ம வயதினருக்குமான மனநல கிளினிக்கில் இருபத்தொரு வருடம் தாதியாக இருந்துவிட்டு, போன வருடம் விருப்ப ஓய்வு பெற்றவள். என் இடத்தில் இப்போது இருக்கும் ஷாமினிதான் கூப்பிட்டாள். தாதிகளை இங்கே எல்லோரும் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள்.

"டாக்டருங்க யாருக்கும் நேரம் இல்ல மிஸ்ஸி. நீங்க வந்து அஞ்சு நிமிஷம் பேசுங்க லா. சாப்பிட மீகூன் உண்டு, கறிபாப் உண்டு."

அஞ்சு நிமிடம் பேசினேன். முடித்ததும் மூன்றாவது வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். செராஸிலிருந்து வந்திருப்பதாகச் சொன்னார். பக்கத்தில் அவர் மகள், மருத்துவம் படிக்கிறவள்.

"மிஸ்ஸி, இருதயம், எலும்புன்னா நமக்குப் புரியும். இது பிள்ளைங்க மனசுக்கு டாக்டராவேன்னு நிக்குது. இன்னும் பத்து பதினஞ்சு வருஷம் கழிச்சி அந்த டாக்டருக்கு வேலை இருக்குமா? இப்பவே பிள்ளைங்க எல்லாத்தையும் போன்கிட்டதான் கேட்டுக்குதுங்க."

மண்டபம் சிரித்தது. மகள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, போதும்ப்பா."

"வேலை இருக்கும்ணே" என்றேன்.

"எப்படிச் சொல்றீங்க?"

பதிலை எங்கே ஆரம்பிப்பது என்று யோசித்தேன். அதற்குள் அடுத்த பேச்சாளர் மைக்கை வாங்கிக்கொண்டார். கிள்ளானுக்குத் திரும்பும் கொம்யூட்டர் ரயிலில் ஷா ஆலம் தாண்டும்வரை அந்தக் கேள்வியையே நினைத்துக்கொண்டு வந்தேன். புள்ளிவிவரம் சொல்ல வேறு ஆட்கள் இருக்கிறார்கள். என்னிடம் இருப்பது ஒரு நாற்காலி, மூன்று பிளாஸ்டிக் தட்டுகள், ஒரு கடிதம். அவற்றைப் பற்றி எழுதுகிறேன். அந்த அண்ணன் படிப்பாரா தெரியாது.

நான் தாதியர் பயிற்சியை முடித்து, பிரசவ வார்டில் சில வருடம், பெரியவர்களின் மனநல வார்டில் சில வருடம் இருந்தேன். அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஒரு நாள் மாற்றல் கடிதம் வந்தது. கோலாலம்பூர் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் பிள்ளைகளுக்கான மனநல கிளினிக். போய்ப் பார்த்தால் மருந்தகத்துக்குப் பின்னால் இரண்டு அறை. ஒரே டாக்டர். அவர்தான் டாக்டர் புவனா.

முதல் நாள் அவர் அறைக்குள் நுழைந்தபோது பராமரிப்புப் பிரிவு ஊழியர் ஒருவர் தரையில் உட்கார்ந்து நாற்காலிக் கால்களை ரம்பத்தால் அறுத்துக்கொண்டிருந்தார். டாக்டர் குனிந்து, "இன்னும் ரெண்டு விரல்ணே" என்று அளவு சொல்லிக்கொண்டிருந்தார். பிள்ளைகளைவிடத் தான் கொஞ்சம் தாழ்ந்து உட்கார வேண்டும் என்பது அவர் கணக்கு. அரசாங்கச் சொத்துக்குச் சேதம் விளைவித்ததாக நிர்வாகத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. "நாற்காலிக்குச் சேதம் இல்லை, பிள்ளைகளின் உயரத்துக்குச் சரிசெய்யப்பட்டுள்ளது" என்று ஒரு வரி எழுதி அனுப்பினார். அந்த நாற்காலி இன்னும் இருக்கிறது.

அவர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. நாம் தப்புச் செய்த தாளை நம் மேசையில் வைத்துவிட்டுத் தேநீர் போடப் போய்விடுவார். திரும்பி வருவதற்குள் தப்பை நாமே கண்டுபிடித்திருக்க வேண்டும். சிறிய தப்பென்றால் சீக்கிரம் வருவார். பெரிய தப்பென்றால் கோப்பையைக் கழுவிவிட்டுத்தான் வருவார். நான்கு வயதுப் பிள்ளையையும் "நீங்க" என்றுதான் கூப்பிடுவார். பிள்ளை பேசும்போது எழுதமாட்டார். பெற்றோரிடம், "நீங்க பேச வேண்டியது கடைசில. பத்து நிமிஷம் தரேன், நல்லா யோசிச்சி வைங்க" என்பார். பெரிய மனிதர்கள்கூட அந்தப் பத்து நிமிடத்துக்குக் கைகட்டி உட்கார்ந்திருப்பார்கள்.

அந்த நாளில் நம் ஆட்கள் எங்கள் கிளினிக்குக்கு வருவதை யாருக்கும் சொல்லமாட்டார்கள். மருந்தகத்து வாசல் வழியாக வந்து அதே வழியாகப் போவார்கள். பள்ளியில் ஒரு வார்த்தையும் பேசாத ஒரு பையனை அம்மா மட்டும் அழைத்து வருவார். அப்பா கார் நிறுத்துமிடத்தில் லோரியிலேயே உட்கார்ந்திருப்பார். ஐந்தாவது தடவை உள்ளே வந்து என் மேசை முன்னால் நின்றார்.

"என் பையன் பைத்தியம் இல்ல மிஸ்ஸி."

"இங்க யாருமே பைத்தியம் இல்லண்ணே. நம்பர் எடுத்துட்டு உக்காருங்க."

உட்கார்ந்தார். அதன் பிறகு ஒரு தடவையும் தவறவில்லை. அந்தப் பையன் பேச ஆரம்பித்ததும் அவர் செய்த முதல் புகார், "இப்போ வாய மூடவே மாட்டேங்குறான் டாக்டர்" என்பது.

வருடங்கள் போகப் போக, ஒளிந்து வருவது குறைந்தது. கடிதங்கள் கூடின. பள்ளி ஆலோசக ஆசிரியர்கள், அரசாங்க கிளினிக்குகள், பிள்ளைகள் வார்டு என்று எல்லாப் பக்கமிருந்தும் வரும். டாக்டர் ஒருவர் இருந்தது இருவரானது, மறுபடி ஒருவரானது. பயிற்சிக்கு வரும் இளம் டாக்டர்களைப் பிடித்து வைக்க டாக்டர் புவனா கறிபாப் வாங்கிக் கொடுத்துப் பார்ப்பார். மூன்று நான்கு மாதம் இருப்பார்கள், நன்றாகவும் பார்ப்பார்கள். பிறகு அறுவைச் சிகிச்சை என்பார்கள், எலும்பு என்பார்கள், வெளிநாடு என்பார்கள். "இன்னிக்கும் ஒரு கறிபாப் வீண்" என்று டாக்டர் சிரித்துக்கொள்வார்.

கடிதங்களை வகைப்படுத்துவது என் வேலை. அதற்கு டாக்டர் புவனா ஒரு முறை வைத்திருந்தார். கடிதத்தின் மேல்பகுதியில் பிள்ளையின் பெயர், அடையாள அட்டை எண், பள்ளி, பெற்றோர் பெயர், தொழில் எல்லாம் இருக்கும். அந்தப் பகுதியைப் படிக்காமல், மேலிருந்து நான்கு விரல் அளவுக்குப் பின்னால் மடித்துவிட வேண்டும். கிளிப் போட வேண்டும். பிறகுதான் படிக்க வேண்டும். யாருடைய பிள்ளை, எந்த இனம், எந்தப் பள்ளி என்று தெரியாமல் படித்துவிட்டு, மூன்று தட்டுகளில் ஒன்றில் போட வேண்டும். சிவப்பு என்றால் அன்றே போன், அந்த வாரத்திலேயே சந்திப்பு. மஞ்சள் என்றால் ஒரு மாதம், ஒன்றரை மாதம். பச்சை என்றால் வரிசையில் எப்போது இடம் கிடைக்கிறதோ அப்போது. நான் சொல்லும் காலத்தில் அது ஏழெட்டு மாதத்துக்குக் குறையாது.

சிவப்பையும் மஞ்சளையும் டாக்டர் அன்றே மறுபடி படிப்பார். பச்சையைப் படிக்க அவருக்கு நேரம் கிடையாது. பச்சைக் கடிதங்களின் மடிப்பை மாதக் கடைசியில்தான் பிரித்து, பெயரைப் பதிவேட்டில் ஏற்றுவேன். அவசரமில்லாத கடிதங்கள்தானே என்று நாங்களே அமைத்துக்கொண்ட வசதி அது.

இந்த மடிப்பு எனக்குப் பெரிய பாதுகாப்பு. கோயில் கமிட்டித் தலைவர் போன் பண்ணுவார், அரசியல்வாதியின் உதவியாளர் பண்ணுவார், என் சொந்த நாத்தனார் பண்ணுவாள். "பேரு எனக்கே தெரியாது, நான் எப்படி முன்னால தள்ளுறது?" என்று எல்லோருக்கும் ஒரே பதில். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

பெருந்தொற்று ஓய்ந்து பள்ளிகள் திறந்த மறு வருடம், கடிதங்கள் அதுவரை பார்த்திராத அளவுக்கு வந்தன. காலையில் உட்கார்ந்தால் கழுத்து வலிக்கும்வரை மடிப்பேன். ஒரு செவ்வாய்க்கிழமை வந்தவற்றில் ஒரு கடிதம். பதினைந்து வயதுப் பெண் பிள்ளை. மலாயில் அழகாக எழுதியிருந்தார்கள். நல்ல மாணவி. அமைதியானவள். மதிப்பெண் குறையவில்லை. இடைவேளையில் தோழிகளோடு சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். தூக்கம் குறைவு. ஒழுங்குப் பிரச்சினை எதுவும் இல்லை. எல்லாவற்றுக்கும் மன்னிப்புக் கேட்கிறாள்.

நான் இரண்டு நிமிடம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. அதற்கு முந்தைய கடிதத்தில் ஒரு பையன் வகுப்பறைக் கண்ணாடியை உடைத்திருந்தான். அதற்கு அடுத்ததில் ஒரு பிள்ளை மாத்திரை விழுங்கி வார்டில் கிடந்தது. நடுவில் இருந்த நல்ல மாணவியைப் பச்சைத் தட்டில் போட்டேன்.

அன்று மாலை வீட்டில் இடியாப்பம் பிழிந்துகொண்டே நான் சொன்னது எனக்கு வார்த்தை வார்த்தையாக நினைவிருக்கிறது. "இன்னைக்கு எவ்வளவு லெட்டர் தெரியுமா? பாதிப் பேருக்கு ஒண்ணுமே இல்ல. ஸ்கூல்ல சும்மா எழுதி அனுப்பிச்சி விட்டுடறாங்க."

தெலுக் பங்லிமா காராங்கில் தொழிற்சாலை மேற்பார்வையாளராக இருக்கும் என் கணவர் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என் ஒரே மகள், அப்போது இடைநிலைப்பள்ளியில் மூன்றாம் படிவம், தண்ணீர் எடுத்து வைத்தாள். கொஞ்சம் சிந்திவிட்டது. "சாரிமா" என்றாள். நான் வழக்கம்போல், "நீ ஒருத்திதான் எனக்கு வேலை வைக்காத பிள்ளை" என்றேன். கிளினிக்கில் பார்த்ததைப் பெயர் சொல்லாமல் வீட்டில் புலம்புவதும், முடிவில் மகளை இப்படிப் பாராட்டுவதும் என் வழக்கம். பல வருடமாகச் செய்துவந்தேன்.

மூன்று வாரம் கழித்து, மாதக் கடைசியில், பதிவேட்டைத் திறந்துவைத்துக்கொண்டு பச்சைக் கடிதங்களின் கிளிப்பை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். அந்த நல்ல மாணவியின் மடிப்பைப் பிரித்தேன். என் மகளின் பெயர் இருந்தது. அதன் கீழே தாயின் பெயர் என்ற இடத்தில் என் பெயர். தொழில்: தாதி.

பக்கத்து மேசையிலிருந்த ஷாமினி, "மிஸ்ஸி, என்னாச்சி?" என்றாள். நான் எழுந்து டாக்டர் அறைக்குப் போய் அந்தத் தாளை அவர் முன்னால் வைத்தேன். அவர் மேலிருந்து கீழாகப் படித்தார். தாளை மேசையில் என் பக்கம் திருப்பி வைத்தார். எழுந்து தேநீர் போடப் போனார். கோப்பை கழுவும் சத்தம் கேட்டது. அவர் திரும்பி வரும்வரை நான் அந்தக் கடைசி வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாவற்றுக்கும் மன்னிப்புக் கேட்கிறாள். எங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு இருபது தடவை கேட்கும் சொல் அது. மரியாதை தெரிந்த பிள்ளை என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த சொல்.

"நான் இத மாத்தணுமா டாக்டர்?" என்றேன்.

"எத?"

"கலர."

தேநீரை என் கையில் கொடுத்தார். "இந்தத் தாள வச்சி நீங்க போட்ட கலர் தப்பில்ல. நானும் அதத்தான் போட்டிருப்பேன். அதான் எனக்குப் பயமா இருக்கு. வீட்டுக்குப் போங்க. எல்லா அம்மாகிட்டயும் போன்ல கேக்கச் சொல்லுவீங்களே, அந்தக் கேள்விய நீங்க கேளுங்க. பதிலச் சொல்லுங்க, அப்புறம் பாக்கலாம்."

ரயிலில் நின்றுகொண்டே வந்தேன். இடம் இருந்தும் உட்கார முடியவில்லை. கணவருக்குப் போன் பண்ணிக் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன்.

"தெரியும்" என்றார். பள்ளி ஆலோசகர் அவருக்குத்தான் போன் பண்ணியிருக்கிறார். மகள் அவர் எண்ணைத்தான் கொடுத்திருக்கிறாள். விடுப்பு நாளில் அரசாங்க கிளினிக்குக்கு அழைத்துப் போய்க் கடிதம் வாங்கியிருக்கிறார்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"வேணாம்னு கெஞ்சிச்சி. அம்மா ஆஸ்பத்திரிக்குத்தானே லெட்டர் போவுது, நீயே பேர பாத்துக்குவேன்னு விட்டுட்டேன்." பின்னால் இயந்திரச் சத்தம். "மூணு வாரமா நீ ஒண்ணும் கேக்கல. நாங்க ரெண்டு பேரும் உன் மூஞ்சியே பாத்துக்கிட்டு இருந்தோம்."

கடிதத்தை மடித்துப் படிப்போம் என்பதை நான் வீட்டில் சொன்னதே இல்லை. அது எங்கள் கிளினிக்கின் உள்விவகாரம். அதனால் என் மகளின் கணக்கு இப்படி இருந்திருக்கிறது: அம்மா என் கடிதத்தைப் பார்த்துவிட்டாள். பார்த்துவிட்டு, பாதிப் பேருக்கு ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிட்டாள்.

மூன்று வாரம். இருபத்தொரு இரவுச் சாப்பாடு.

மகள் பள்ளிப் பேருந்திலிருந்து இறங்கி வந்தபோது நான் வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தேன். அந்த நேரத்தில் நான் வீட்டில் இருந்ததே கிடையாது. "சாரிமா, தெரியாது, நீங்க வீட்டுல இருக்கீங்கன்னு" என்றாள். அதற்கும் ஒரு சாரி.

"உன் லெட்டர நான் இன்னைக்குத்தான் பாத்தேன்" என்றேன்.

அவள் பையைக் கழற்றாமல் நின்றாள்.

"அன்னைக்குப் படிச்சேன். உன்னோடதுன்னு தெரியாது. பேர மடிச்சித்தான் படிப்போம்."

"மடிச்சா?"

மேசையில் கிடந்த பேரங்காடி விளம்பரத் தாளை எடுத்து, மேலிருந்து நான்கு விரல் மடித்துக் காட்டினேன். அவள் அந்தத் தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அழவில்லை. சிரிப்பதுபோல ஒரு சத்தம் வந்தது.

"அப்போ மூணு வாரமா உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாதுடா."

"என்ன கலர் போட்டீங்க?" தட்டுகளைப் பற்றி மட்டும் அவளுக்குத் தெரியும். என் புலம்பலில் எப்போதும் வருவதுதான்.

"பச்ச."

"ஏன்?"

"நல்ல பிள்ளைன்னு எழுதியிருந்தாங்க."

அவள் பையோடு சோபாவில் உட்கார்ந்தாள். நான் தரையில் உட்கார்ந்தேன். டாக்டரிடம் கற்றது அது ஒன்றுதான் அப்போது நினைவுக்கு வந்தது. எத்தனையோ தாய்மாருக்குப் போனில் சொல்லிக் கொடுத்த கேள்வியைக் கேட்டேன். சுற்றி வளைக்கக் கூடாது, நேராகக் கேட்க வேண்டும், கேட்டால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது என்று அவர்களுக்குச் சொல்லுவேன். என் வாயில் அது வருவதற்கு எவ்வளவு நேரமானது என்று எனக்குத் தெரியாது.

"உயிரோட இருக்க வேணாம்னு தோணுதா?"

"சாகணும்னு இல்லம்மா." பையின் வாரை முறுக்கிக்கொண்டே சொன்னாள். "நான் இல்லன்னா உங்களுக்கு ஒரு வேல கம்மின்னு தோணும். தினமும் தோணும்."

நான் அவளைக் கட்டிக்கொள்ளவில்லை. கட்டிக்கொண்டால் நான்தான் அழுவேன், அவள் சாரி சொல்லுவாள். முழங்காலில் கையை வைத்துக்கொண்டு, "வேற?" என்று மட்டும் கேட்டேன். அவள் இருட்டும்வரை பேசினாள். கணவர் வந்து வாசலில் காலணியோடு நின்றுகொண்டே கேட்டார்.

பிறகு டாக்டருக்குப் போன் பண்ணி அவள் சொன்னதை அப்படியே சொன்னேன்.

"வேற ஒரு அம்மா போன்ல இதச் சொன்னா நீங்க என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார்.

"நாளைக்கே வரச் சொல்லுவேன்."

"அப்போ நாளைக்கு வாங்க. அம்மாவா மட்டும் வாங்க. யூனிபார்ம் போட வேணாம். என் மிஸ்ஸியோட மகள நான் பாக்கக் கூடாது, இர்பான் பாப்பார்."

டாக்டர் இர்பான் அப்போது எங்களிடம் பயிற்சியில் இருந்தவர். பினாங்குக்காரர், தமிழ் முஸ்லிம். ஒல்லியாக, எப்போதும் பசியோடு இருப்பவர். டாக்டர் புவனாவின் கறிபாப் வீணாகாத ஒரே ஆள் என்று நாங்கள் கிண்டல் செய்வோம்.

மறுநாள் நான் வருடக்கணக்காக மற்றவர்களை உட்காரச் சொன்ன பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். அந்த நாற்காலி இவ்வளவு கடினமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அங்கிருந்து பார்த்தால் டாக்டர் அறையின் கதவுப்பிடி மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். ஷாமினி பழக்கத்தில், "ஆன்டி, நம்பர் எடுத்தாச்சா?" என்று கேட்டுவிட்டு, நான் என்று பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "எடுத்தாச்சிமா" என்று காட்டினேன்.

மகள் ஒன்றேகால் மணி நேரம் உள்ளே இருந்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். கால் வெட்டிய நாற்காலியில் டாக்டர் இர்பான் முழங்கால் நெஞ்சில் இடிக்க உட்கார்ந்திருந்தார். "உங்களுக்குப் பத்து நிமிஷம் மிஸ்ஸி" என்றார். நான் யோசித்து வைத்திருந்த எதையும் சொல்லவில்லை. "நான் அவள நல்ல பிள்ளைன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன் டாக்டர்" என்றேன். அவர் எழுதவில்லை. கேட்டுக்கொண்டார்.

அந்த வாரமே டாக்டர் புவனா பச்சைத் தட்டு முழுவதையும் மேசையில் கொட்டினார். பெயரை மடித்தபடியே எல்லாவற்றையும் இருவரும் மறுபடி படித்தோம். கண்ணாடி உடைக்கும் பிள்ளைக்கு நாங்கள் ஓடியிருந்தோம். சத்தம் போடாத பிள்ளையை வரிசையில் நிறுத்தியிருந்தோம். "அமைதியானவள்", "தொல்லையில்லாதவன்", "பொறுப்பானவள்" என்ற சொல் வந்த இடத்திலெல்லாம் டாக்டர் பென்சிலால் கோடு போட்டார். பச்சைக் கடிதம் வந்த ஒவ்வொரு வீட்டுக்கும் அந்த வாரத்திலேயே போன் பண்ணி அந்த ஒரு கேள்வியைக் கேட்க வேண்டும் என்பது அன்றிலிருந்து விதியானது. கேட்டோம். சில பிள்ளைகள் மஞ்சளுக்கு வந்தார்கள். சிலர் நேராகச் சிவப்புக்கு. கண்டுபிடித்துவிட்டோம், சரி. பார்ப்பதற்கு டாக்டர் எங்கே? டாக்டர் இர்பான் தன் மதிய உணவு நேரத்தைக் கொடுத்தார். அவர் சாப்பாட்டை விட்டுக்கொடுத்தார் என்றால் நிலைமை அப்படி.

என் மகள் இரண்டு வாரத்துக்கு ஒரு வியாழக்கிழமை அவரிடம் போனாள். கொஞ்ச காலம் மாத்திரையும் எடுத்தாள். பெரிய அதிசயம் எதுவும் நடக்கவில்லை. மூன்றாவது மாதம் இடைவேளையில் நாசி லெமாக் வாங்கிச் சாப்பிட்டதாகச் சொன்னாள். ஒரு நாள் குளியலறையில் பாடினாள். நானும் கணவரும் சமையலறையில் கரண்டியைக் கீழே வைக்காமல் நின்று கேட்டோம். வீட்டில் கிளினிக் கதை பேசுவதை நான் நிறுத்தியிருந்தேன்.

வருடக் கடைசியில் டாக்டர் இர்பான் போய்விட்டார். அவரை நான் குறை சொல்லமாட்டேன். ஒப்பந்த வேலை, நிரந்தரம் எப்போது என்று தெரியாது, வெளிநாட்டில் மேற்படிப்போடு இடம் கிடைத்தது. கடைசி நாளில் என்னிடம் வந்து, "மன்னிச்சிடுங்க மிஸ்ஸி" என்றார். ஒவ்வொரு பிள்ளைக்கும் அடுத்து வருபவர் படிப்பதற்காகப் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருந்தார். அடுத்து வருபவர்தான் வரவில்லை. அவர் இடம் நான்கு மாதம் காலியாகக் கிடந்தது. டாக்டர் புவனா இருவர் வேலையைச் செய்தார். தேதிகளைத் தள்ளிவைத்துப் போன் பண்ணுவது என் வேலை.

அந்தப் பட்டியலில் என் மகளின் பெயரும் இருந்தது. ஒரு தடவை தள்ளியாகிவிட்டது. இரண்டாவது தடவையும் தள்ள வேண்டிய நாள் வந்தபோது, அந்தப் போனை ஷாமினியைப் பண்ணச் சொல்லலாமா என்று யோசித்தேன். நானே பண்ணினேன். கிளினிக் எண்ணிலிருந்து வீட்டுக்கு.

"ஹலோ" என்றாள் மகள்.

"கிளினிக்குலருந்து பேசறேன். உங்க தேதி…"

"அம்மா?"

"ம். தேதி தள்ளிப் போவுது. புது டாக்டர் இன்னும் வரல."

"பரவால்லமா, சாரி" என்பாள் என்று காதைக் கூராக்கிக்கொண்டு நின்றேன். ஒரு வருடத்துக்கு முன் அதைத்தான் சொல்லியிருப்பாள். அதைச் சொல்லிவிடக் கூடாதே என்று இருந்தது.

"இது ரெண்டாவது வாட்டி" என்றாள்.

"ஆமா."

"எவ்வளவு நாள்தான் தள்ளுவீங்க? நான் சொல்லறதுக்கு விஷயம் வச்சிருக்கேன். எனக்கு ஒரு டேட் வேணும்மா. ஏதாவதுன்னு இல்ல, கரெக்டா ஒரு டேட். டாக்டர் இல்லன்னா ஆள் தேடச் சொல்லுங்க லா! அது என் பிரச்சினையா?"

கத்தினாள். என் மகள் என்னிடம் கத்தினாள். ஷாமினி நிமிர்ந்து பார்க்கும் அளவுக்குச் சத்தம் வெளியே கேட்டது. "திட்டறாங்களா மிஸ்ஸி?" என்று சைகையில் கேட்டாள். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். கண்ணிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவ்வளவு நிம்மதியை நான் என் வாழ்நாளில் அனுபவித்ததில்லை.

"கேட்டுச் சொல்றேன்மா" என்றேன்.

"இன்னைக்கே சொல்லுங்க."

அன்றே சொன்னேன். வேறோர் ஆஸ்பத்திரியிலிருந்து மாதம் இரண்டு நாள் வரச் சம்மதித்த ஒரு டாக்டரை டாக்டர் புவனா கெஞ்சிக் கூத்தாடிப் பிடித்திருந்தார். மகள் முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. முணுமுணுத்துக்கொண்டே சொன்னாள். அடுத்த வருடம், சிகிச்சை முடிந்ததென்று அவள் கார்டை மூடினார்கள். டாக்டர் புவனாவும் ஓய்வு பெற்றுவிட்டார். அவர் நாற்காலியில் இப்போது யார் உட்கார்ந்தாலும் முழங்கால் நெஞ்சில் இடிக்கிறது என்று ஷாமினி சொல்கிறாள். கடிதங்கள் இப்போது கணினியில் வருகின்றன. திரையை மடிக்க முடியாது என்பதால், பெயர் இருக்கும் இடத்தில் அவள் அட்டைத் துண்டை ஒட்டி வைத்திருக்கிறாளாம்.

செராஸ் அண்ணனுக்கு நான் சொல்லாமல் விட்ட பதில் இதுதான். பத்து வருடம் கழித்து வேலை இருக்குமா என்று கேட்டீர்கள். நான் அந்தப் பட்டியலைப் பிடித்துக்கொண்டு போன் பண்ணியவள். ஒரு டாக்டரின் இடம் காலியாக இருந்த நான்கு மாதத்தில் எத்தனை வீடுகளுக்கு "தேதி தள்ளிப் போகிறது" என்று சொன்னேன் என்பது எனக்குத் தெரியும். திட்டியவர்களைப் பற்றி நான் கவலைப்படவில்லை. "பரவால்ல மிஸ்ஸி, சாரி" என்று சொல்லி வைத்துவிட்ட பிள்ளைகளின் குரல்தான் இன்னும் காதில் இருக்கிறது. பிள்ளைகள் போனிடம் கேட்டுக்கொள்வதும் உண்மைதான். என் மகளும் முதலில் போனிடம்தான் கேட்டிருக்கிறாள். அது அவளுக்கு நிறையப் பதில் சொன்னது. மூன்று வாரமாக அவள் முகம் எப்படி இருந்தது என்று அதற்குத் தெரியாது. எனக்கும் தெரியவில்லை, பக்கத்திலேயே இருந்தும். தெரிந்துகொள்ளப் பயிற்சி பெற்ற ஓர் ஆள் வேண்டியிருந்தது. உங்கள் மகள் அந்த ஆளாக விரும்புகிறாள். சட்டையைப் பிடித்து இழுக்கிற பிள்ளை, நன்றாகவே வருவாள். அனுப்புங்கள்.

என் மகளுக்கு இப்போது இருபது வயது. சுபாங் ஜெயாவில் உணவுத் தொழில்நுட்பம் படிக்கிறாள். கார் ஓட்டுகிறாள், என் சமையலில் குறை சொல்கிறாள், தாமதமாக வந்தால் காரணம் சொல்லமாட்டாள். அவள் ஐந்து நிமிடம் தாமதித்தாலும் நான் வாசலுக்கும் சமையலறைக்கும் நடப்பேன். அது எனக்குப் போகவில்லை. போகுமென்றும் தோன்றவில்லை.

இதை எழுதி முடித்து, அச்செடுத்து, அவள் சம்மதம் கேட்டுக் கொடுத்தேன். முதல் பிரதியில் அவள் பெயர் மேலேயே இருந்தது. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கடைசிவரை படித்தாள். இரண்டு இடத்தில் எழுத்துப்பிழை சொன்னாள். "கத்தினேன்னு போட்டிருக்கீங்க. நான் கத்தல, கொஞ்சம் சத்தமாப் பேசினேன்" என்றாள். பிறகு தாளைத் தன் பெயர் மறையும்படி மேலிருந்து நான்கு விரல் பின்னால் மடித்து என்னிடம் நீட்டினாள்.

"இப்போ படிங்க. என்ன கலர்?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன். இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடக் கூடாது என்று, முதல் வரியிலிருந்து முழுதாகப் படித்தேன். அவள் காத்திருந்தாள்.

"பச்ச" என்றேன். "ஆனா நாளைக்கும் போன் பண்ணிக் கேப்பேன்."

"கேளுங்க" என்றாள்.